சபையின் மூத்தவர்களைக் கனம்பண்ணுவது எப்படி: திருகோணமலைச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையில் மூத்தவர்களைக் கௌரவிக்கும் ஆராதனை ஒன்றை நடத்தினோம். பன்னிரண்டு பேரை முன்வாங்கில் இருத்தி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, மாலையிட்டு, பொன்னாடை போர்த்திப் படமும் எடுத்தோம். ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், பின்பக்கத்துச் சிறிய அறையில் ஓர் அம்மா திருவிருந்து மேசையின் வெள்ளை விரிப்பை மடித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நாற்பது வருடங்களுக்கு மேலாக அந்த விரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து, கஞ்சி போட்டு, மினுக்கி, சனிக்கிழமை பின்னேரத்தில் கொண்டுவந்து விரித்தவர் அவர்தான். எங்கள் பட்டியலில் அவருடைய பெயர் இருக்கவில்லை. நான் தடுமாறி மன்னிப்புக் கேட்டபோது, “எனக்கென்னத்துக்குத் தம்பி பொன்னாடை, தோய்க்கவும் ஏலாத துணி” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, விரிப்பின் நான்கு மூலைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி மடிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களையும், அதிபர்களாகவும் உத்தியோகத்தர்களாகவும் இருந்து ஓய்வுபெற்றவர்களையும் நினைவிலிருந்து எழுதினோமே தவிர, சபையின் வேலையை யார் செய்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தத் தவற்றுக்குப் பின் எங்கள் சபையில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றையும், பிற சபைகளில் கண்டு எடுத்துக்கொண்டவற்றையும், இதே பணியைத் தொடங்க நினைக்கும் சபைகளுக்காக இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கர், மெதடிஸ்த சபையார், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் ஆகியோரிடையே பெயர்களும் முறைகளும் வேறுபடும் என்றாலும், செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

கனம் என்ற சொல்லுக்குத் தமிழில் பாரம் என்றும் பொருள் உண்டு. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையில் வரும் எபிரேயச் சொல்லும் பாரம் என்ற வேரிலிருந்தே பிறந்தது. ஒருவருடைய சொல்லுக்கும் இருப்புக்கும் சபைக்குள் பாரம் இருக்கிறதா என்று பார்ப்பதே இந்தப் பணி முழுவதற்கும் அளவுகோல். லேவியராகமம் 19:32, நரைத்தவனுக்கு முன்பாக எழுந்து, முதிர்வயதுள்ளவன் முகத்தைக் கனம்பண்ணச் சொல்கிறது. எழும்புவது அன்றாடம் செய்யக்கூடிய செயல். முகத்தைக் கனம்பண்ணுவதற்கோ நேரில் போய் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொன்னாடை போர்த்துவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அது கடைசியில் வர வேண்டிய படி. நாங்கள் அதை முதற்படியாக வைத்ததனால்தான் தவறினோம்.

பெயரேடு எழுதுதல்

முதலில் ஒரு கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். இதற்கு மட்டும் இரண்டு மாதங்கள் ஒதுக்கினாலும் தகும். ஞானஸ்நான, திடப்படுத்தல், விவாகப் பதிவேடுகளை முதலில் பாருங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாதீர்கள். திருகோணமலையில் ஒரு குடும்பம் ஒரே கோயிலில் தடையின்றி ஐம்பது வருடங்கள் இருந்தது என்பது அரிது. 1983இலும் 1990இலும் வீடுகளை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 2004இல் கடற்கோளுக்குப் பின் இடம்மாறியவர்களும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வேறு சபைகளில் சேர்ந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். பதிவேட்டின் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஜெபக்கூட்டம் நடத்திய ஒருவர் “சபையில் எட்டு வருடம்தான்” என்று கணக்கிடப்படுவார். ஆகவே எந்தக் கோயிலில் எத்தனை வருடம் என்று மட்டும் கேட்காமல், விசுவாசத்தில் எத்தனை வருடம், எங்கெங்கே என்றும் கேட்டு எழுத வேண்டும்.

பதிவேட்டில் இல்லாதவற்றை வாய்மொழியாகத்தான் அறிய வேண்டும். சபையின் வயதான பெண்கள் மூவரைத் தனித்தனியே சந்தித்து, சில கேள்விகளைக் கேளுங்கள். விடியற்காலையில் கதவு திறந்தவர் யார்? மணி அடித்தவர் யார்? ஊரடங்கு நாட்களில் கோயிலுக்குள் தங்கியிருந்த சனங்களுக்குச் சமைத்தவர்கள் யார்? குருவானவர் வர முடியாமற்போன ஞாயிறுகளில் வேதம் வாசித்து ஜெபம் நடத்தியவர் யார்? மூவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால், ஒருவர் சொல்வதற்கு மற்ற இருவரும் தலையாட்டிவிடுவார்கள். தனித்தனியே கேட்டபோதுதான், எந்தக் குழுவிலும் இருந்திராத பதினொரு பெயர்கள் எங்களுக்குக் கிடைத்தன.

முதுமை ஒன்று, நீண்ட காலச் சேவை இன்னொன்று. இவ்விரண்டையும் பிரித்து எழுதுங்கள். அறுபத்தைந்து வயதில் ஞானஸ்நானம் பெற்று இன்று எழுபத்தெட்டு வயதாயிருப்பவர் மூத்தவர். ஆனால் நீண்ட கால உறுப்பினர் அல்லர். பதினேழு வயதில் ஆர்மோனியப் பெட்டிக்கு முன் அமர்ந்து இன்றும் வாசிக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் நீண்ட காலச் சேவையாளர். ஆனால் அவரை முதியவர் என்றால் மனம் வருந்துவார். முன்னவருக்குத் துணை தேவை. பின்னவருக்கு நன்றியும், சில வேளைகளில் ஓய்வும் தேவை. நடக்க முடியாமல் வீட்டோடு இருப்பவர்கள், பிள்ளைகளோடு கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்விட்டவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், மனத்தாங்கலோடு வேறு சபைக்குப் போய்விட்டவர்கள் ஆகியோரையும் எழுதுங்கள். இந்த நகரத்துப் பறங்கிக் குடும்பங்களின் முதியவர்கள் சிலர் எல்லாச் சபைகளின் பட்டியல்களிலிருந்தும் நழுவிவிடுகிறார்கள்; அவர்களையும் தேடிப் போக வேண்டும்.

இது வெறும் எழுத்து வேலை என்று எண்ணி ஒருவரும் சோர்ந்துவிட வேண்டாம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பகிர்வில், சில விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்ற முறைப்பாட்டைத் தீர்ப்பதற்காகவே ஏழு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். பட்டியலில் பெயர் விடுபடுவதை ஆதிச்சபை அவ்வளவு பாரமான விடயமாக எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போதல்

பெயரேடு ஆயத்தமானதும், மூத்தவர் ஒவ்வொருவருக்கும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர்களில் ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை போனால் போதும். ஆனால் எந்த மாதமும் தவறக்கூடாது. ஒரே வாரத்தில் நான்கு முறை போய்விட்டுப் பிறகு ஒரு வருடம் எட்டிப் பார்க்காமல் விடுவதைக் காட்டிலும், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்று நாள் குறித்துப் போவது மேலானது. அந்தச் சனிக்கிழமை காலையிலேயே முகம் கழுவி, நல்ல சேலை உடுத்து, வாசலைப் பார்த்தபடி கதிரையில் காத்திருக்கும் ஆச்சிமார் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

நேரத்தைக் காலநிலையோடு சேர்த்து யோசியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலுக்குப் போனால் அவர்கள் களைத்துப் படுத்திருப்பார்கள். ஐந்து மணிக்குப் பின் போங்கள். ஒழுகும் கூரையையும் வழுக்கும் முற்றத்தையும் பார்த்துவர மாரி மழைக் காலமே பொருத்தமானது. கிளினிக் நாளன்று போக வேண்டாம். விடியப்புறம் ஆஸ்பத்திரி வரிசைக்குப் போய்வந்த உடம்பு அன்றைக்கு ஆறுதலையே தேடும். மூதூர்ப் பக்கத்தில் உறுப்பினர்கள் இருந்தால், கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின் தரைவழிப் பயணம் இலகுவாகியிருப்பதால், ஒரு வாகனத்தில் மூன்று நான்கு வீடுகளுக்கு ஒரே நாளில் போய்வர முடியும்.

போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். இருவர் போனால் பேச்சு நடக்கும். எட்டுப் பேர் போனால் வீட்டுக்காரர் தேத்தண்ணீர் ஊற்றுவதிலேயே நேரம் போய்விடும். இனிப்புப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம். பலருக்குச் சீனி வருத்தம் இருக்கும். பழமும், சபையின் அந்த மாதச் செய்திகளும் போதும். யாருக்குத் திருமணம், யாருடைய பிள்ளை சோதனையில் சித்தியடைந்தது, புதிய கூரைக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற செய்திகள் வீட்டோடு இருப்பவருக்குச் சபையின் வாசலைத் திறந்து காட்டுகின்றன.

பேசும் முறையிலும் கவனம் தேவை. முதுமையில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறனே பெரும்பாலும் முதலில் குறைகிறது. ஆகவே கத்திப் பேசினால் சத்தம் கூடுமே தவிரச் சொல் தெளியாது. முகத்துக்கு நேரே இருந்து, தாழ்ந்த சுருதியில், நிதானமாகப் பேசுங்கள். தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் மகளிடம் “அம்மா சாப்பிடுறவவா?” என்று கேட்காமல், அம்மாவிடமே கேளுங்கள். வேத வசனத்தை அவர்கள் மனனம் செய்த பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இளையவர்களுக்கு இலகுவாக இருக்கலாம். ஆனால் எண்பது வயதுக்காரர் தம்மையறியாமல் கூடவே உதடசைப்பது பழைய சொற்களுக்குத்தான். நினைவு மங்கிப் பிள்ளைகளின் பெயர்களையே மறந்துவிட்ட ஓர் ஐயா, இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வரியை நான் தொடங்கியதும், மீதியைப் பிழையின்றி முடித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

முடிவில் ஜெபம் செய்வீர்கள். அதற்கு முன், “எங்களுக்காக நீங்களும் ஜெபம்பண்ணுங்கோ” என்று கேளுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமென்றால், இதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். படுக்கையில் கிடப்பவர் தமக்காகப் பிறர் ஜெபிப்பதை வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் ஒன்றைக் கேட்கும்போது, அவர் மறுபடியும் கொடுக்கிறவராகிறார். குரல் மாறுகிறது, சில வேளை எழுந்து உட்காரவும் முயல்கிறார்.

திருவிருந்தை அல்லது நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒழுங்கைக் குருவானவரோடு பேசி, எழுதிவைத்த அட்டவணைப்படி நடத்துங்கள். வருத்தம் முற்றிய பின்னரே குருவானவர் வருவார் என்ற எண்ணம் பல வீடுகளில் இருப்பதால், அவருடைய காலடிச் சத்தமே சிலருக்குப் பயத்தைக் கொடுக்கிறது. சுகமாக இருக்கும் காலத்திலேயே அவர் வந்துபோனால் அந்தப் பயம் தானாக விலகும்.

சந்திப்புகளில் கண்ணில் படும் சில விடயங்கள் ஜெபத்தோடு நிறுத்தக்கூடியவையல்ல. மருந்து வாங்கக் காசில்லாமை, பூட்டிய அறை, உடம்பில் காயம், உறுதி எழுதித் தரச் சொல்லும் நெருக்குதல் ஆகியவற்றைக் கண்டால், சபையில் இதற்கென நியமித்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்; கோயில் வாசலில் பேசாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க இயலாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அறுபது வயதானவர்களுக்கான முதியோர் அடையாள அட்டை பற்றியும், உதவிக் கொடுப்பனவுகள் பற்றியும் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கவும், கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போகவும் ஓர் இளைஞர் முன்வந்தால், அது பத்துப் பொன்னாடைகளுக்குச் சமம்.

கோயிலுக்குள் இடம்

மூத்தவர் ஒருவர் முப்பது வருடங்களாக இருந்துவந்த வாங்கிலிருந்து, மரியாதை என்ற பெயரில் அவரை எழுப்பி முன்னுக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த இடத்திலிருந்துதான் அவர் கணவரோடு பாடியிருப்பார். அந்த யன்னல் வழியே வரும் காற்று அவருக்குப் பழக்கமானது. முதிர்வயதில் வேறொருவன் உன்னை உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்டதை யோவான் 21இல் வாசிக்கிறோம். நல்லெண்ணத்தோடு கையைப் பிடித்து இழுக்கும் நாமும் அந்த வேறொருவனாகிவிடக் கூடாது. எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டு, அங்கே கைபிடியுள்ள கதிரை ஒன்றையும் முதுகுக்கு ஒரு தலையணையையும் வையுங்கள்.

சாய்தளம் கட்டுவதானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இடமில்லை என்று சரிவைச் செங்குத்தாக்கினால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவரும் வழுக்குவார். பாட்டுத்தாளைப் பதினெட்டுப் புள்ளி எழுத்தில் தனியே அச்சிட்டு, வாசலில் கேட்டு வாங்கும்படி வைக்காமல், அவர்களுடைய வாங்கிலேயே வையுங்கள். எழும்பி நிற்கும் வேளைகளில் “இயலுமானவர்கள் எழுந்து நிற்போம்” என்று சொல்லப் பழகுங்கள். பிரஷர் மருந்து எடுப்பவர்கள் சட்டென எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழுவது உண்டு. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதை விட, பேசுகிறவர் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்து நிதானமாகப் பேசுவதே பயன் தரும். கழிப்பறைக்குப் போகும் வழியில் வெளிச்சமும் பிடிகம்பியும் இருக்கின்றனவா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். பலர் கோயிலுக்கு வருவதை நிறுத்தியதற்கு வெளியில் சொல்லாத காரணம் அதுதான்.

பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஆராதனையிலும் பழைய கீர்த்தனை அல்லது பாமாலைப் பாட்டு ஒன்றாவது, அதன் பழைய இராகத்திலும் பழைய நடையிலும் பாடப்படட்டும். அதை வேகப்படுத்தித் தாளம் மாற்றிப் பாடினால் அவர்களுக்குக் கூடப் பாட முடியாது. தாம் அறிந்த பாட்டிலேயே தாம் அந்நியராகும் வேதனையைச் சொல்லவும் மாட்டார்கள்.

பொறுப்புக் கொடுத்தலும் பொறுப்பை வாங்குதலும்

மூத்தவர்களிடம் வேலை கேளுங்கள். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் தம் சிறுவயதுக் கிறிஸ்மஸ் பற்றிச் சொல்ல, திருமணம் செய்யவிருக்கும் சோடியோடு ஒரு பின்னேரம் பேச, ஜெபக் குறிப்புகளை வீட்டிலிருந்தே தினமும் தாங்க, புதிதாக வந்த குருவானவருக்கு ஊரின் குடும்ப உறவுமுறைகளை விளக்க அவர்களை விடத் தகுதியானவர்கள் இல்லை. நிர்வாகக் குழு பெரிய முடிவொன்றை எடுப்பதற்கு முன், இரண்டு மூத்தவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களுடைய எண்ணத்தைக் கேட்டு, அதைக் கூட்டத்தில் அவர்களுடைய பெயரோடு சொல்லுங்கள். முடிவு வேறாக அமைந்தால், காரணத்தை நீங்களே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சொல்லாமல் விடுவது கேட்காமல் விடுவதிலும் கொடியது.

இதைவிடக் கடினமானது, பொறுப்பைக் கைமாற்ற வேண்டிய வேளை. கண் பார்வை குறைந்து கணக்கில் பிழை விடும் பொருளாளர், குரல் நடுங்கியும் பாடகர் குழுவைத் தாமே நடத்த விரும்பும் தலைவர் என்று எல்லாச் சபைகளிலும் ஒருவராவது இருப்பார். பொதுக்கூட்டத்தில் அவரை மாற்றுவது அவர் செய்த எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடும். முதிர்வயதுள்ளவனைக் கடிந்துகொள்ளாமல் தகப்பனைப்போல எண்ணிப் புத்திசொல்லும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். தகப்பனிடம் பேசுவதுபோலவே, அவர் மதிக்கும் ஒருவர் தனியே போய்ப் பேச வேண்டும்; ஒரு வருடத்துக்கு முன்பே பேச வேண்டும்; தமக்குப் பின் யார் என்று அவரையே கேட்க வேண்டும்; அந்த வருடம் முழுவதும் புதியவர் அவருக்குப் பக்கத்தில் இருந்து பழக வேண்டும். சாவியைக் கையளிக்கும் ஞாயிறன்று பழையவரே புதியவரின் கையில் கொடுக்கட்டும்.

சிலர் கௌரவத்தையே வேண்டாம் என்பார்கள். தாவீது அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது உணவு கொண்டுவந்து கொடுத்த பர்சிலா என்ற எண்பது வயதுக்காரரை, அரசனாகத் திரும்பிப் போகும்போது எருசலேமுக்குத் தன்னோடு வரும்படி தாவீது அழைத்தான். தனக்கு இனி உணவின் சுவையும் தெரியாது, பாடகரின் சத்தமும் கேட்காது, தாய் தகப்பனின் கல்லறைக்குக் கிட்டவே சாக வேண்டும், தனக்குப் பதிலாகக் கிம்காமைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று பர்சிலா சொன்னதை 2 சாமுவேல் 19இல் காணலாம். தாவீது வற்புறுத்தவில்லை, கிம்காமைக் கூட்டிக்கொண்டு, முதியவரை முத்தமிட்டு அனுப்பினான். மேடைக்கு வர விரும்பாதவரிடம், உங்கள் பெயரில் யாருக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். விரிப்புத் தோய்க்கும் அந்த அம்மாவிடம் நாங்கள் அப்படித்தான் கேட்டோம். ஒரு பிள்ளைக்கு அந்த வேலையைப் பழக்கித் தர விரும்புவதாகச் சொன்னார். இன்று அந்த விரிப்பை மினுக்குவது பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. கஞ்சியின் பதத்தை விரலில் தொட்டுப் பார்க்கும் முறை முதற்கொண்டு அவரிடமே கற்றாள்.

நினைவுகளைப் பதிவுசெய்தல்

“பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று பொதுவாகக் கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் இருந்தது” என்ற பதிலே வரும். மனித நினைவு நாளையும் இடத்தையும் பற்றிக்கொண்டே திறக்கிறது; ஆகவே ஊர் அறிந்த நாட்களை வைத்துக் கேளுங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது வீட்டார் எங்கே ஓடினார்கள்? அதை நேரில் நினைவு வைத்திருப்பவர்கள் இன்று மிகச் சிலரே. மற்றவர்களிடம் தாய் தகப்பன் சொன்னதைக் கேளுங்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கையளிக்கப்பட்டபோது கோயிலுக்கு வந்தவர்கள் எப்படி மாறினார்கள்? 1964ஆம் ஆண்டு கிறிஸ்மசுக்குச் சற்று முன் சூறாவளி அடித்தபோது பண்டிகை நடந்ததா? 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்த நேரத்தில் எந்த ஆராதனை, எந்தப் பாட்டு, கதவைத் திறந்தது யார்? இப்படிக் கேட்டால், ஒரு கேள்வியிலிருந்தே அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

பதிவுக்கு ஒரு கைத்தொலைபேசி போதும். அழைப்பு வராதபடி விமான நிலையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி அல்லது தூரமாக்கி, ஒரு மடித்த துணியின் மேல் அவருடைய கைக்குக் கிட்ட வையுங்கள். நாற்பது நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம். தொடக்கத்தில் அவருடைய பெயர், திகதி, இடம் ஆகியவற்றையும், இதைச் சபையில் பிறர் கேட்க அவர் சம்மதிக்கிறாரா என்பதையும் அவருடைய குரலிலேயே பதியுங்கள். ஒரு பிரதி குடும்பத்துக்கும், ஒன்று சபைக்கும், இன்னொன்று வேறோர் இடத்துக்கும் போகட்டும். பழைய படங்களைக் காட்டினால், வீட்டிலேயே பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யார் யார் என்பதை வரிசைப்படி கொப்பியில் எழுதுங்கள்.

யுத்த நாட்களைப் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம். பிள்ளையை இழந்தவர், காணாமற்போனவரை இன்றும் தேடுகிறவர் பேச்சின் நடுவில் நிறுத்தினால், நீங்களும் நிறுத்துங்கள். பதிவை அணைத்துவிட்டு அவரோடு சும்மா இருங்கள். அன்றைக்குப் பதிவில்லாமலே வீடு திரும்பினாலும், நீங்கள் போன நோக்கம் நிறைவேறியதாகவே எண்ணுங்கள்.

கௌரவிக்கும் நாள்

இத்தனையும் ஒரு வருடமாவது நடந்த பின், ஒரு நாளைக் குறியுங்கள். கத்தோலிக்கச் சபையில் யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு, 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர் மற்றும் முதியோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒக்டோபர் 1 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச முதியோர் நாள். யூலையில் கச்சான் வெக்கை கடுமையாக இருப்பதாலும், ஒக்டோபரின் பிற்பகுதியில் மழை தொடங்கிவிடுவதாலும், ஒக்டோபர் முதல் ஞாயிறு எங்களுக்கு வசதியாக அமைந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் பார்க்க வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். அப்போது ரொறன்ரோவில் காலை ஏழரை, இலண்டனில் நண்பகல் பன்னிரண்டரை. காலை எட்டு மணிக்கு வைத்தால், இலண்டனில் இருப்பவர் விடியப்புறம் மூன்றரைக்கு எழும்ப வேண்டும்.

உரைகளைக் குறையுங்கள். அரசியல்வாதிகளையோ அதிகாரிகளையோ பிரதம விருந்தினராக அழைக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அன்றைக்கு விருந்தினர் மூத்தவர்களே. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் எழுதி, ஓர் இளையவர் வாசிக்கட்டும். “சபைக்கு அளப்பரிய சேவையாற்றியவர்” என்று எழுதினால் அது பன்னிரண்டு பேருக்கும் பொருந்தும். “1990இல் வீட்டை விட்டுப் போகும்போது, சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் தம் உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டுபோய்க் காத்தவர்” என்று எழுதினால் அது ஒருவருக்கே உரியது. அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டெடுப்பதற்காகத்தான் ஒரு வருடச் சந்திப்பு. எழுதியதை முன்கூட்டியே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆண்டையோ பெயரையோ அவர் திருத்துவார். பரிசாகத் தோய்த்து உடுக்கக்கூடிய பருத்திச் சேலையோ வேட்டியோ கொடுங்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு அன்று மாலையே அதே வாக்கியத்தோடும் அதே உணவோடும் போங்கள். மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

மரணத்துக்குப் பின்

மூத்தவர் ஒருவர் இறந்தால், பொறுப்பான இருவரும் இறுதி ஆராதனைக்கு முன்பே குடும்பத்தாரிடம் போய், அவர் விரும்பிச் சொல்லியிருந்த பாட்டையும் வசனத்தையும் தெரிவிக்கட்டும். இதைக் கொப்பியில் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், துக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் தேட வேண்டியதில்லை. குரற்பதிவின் பிரதியை முப்பத்தோராம் நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஆனால் அப்போதே போட்டுக் கேட்கும்படி சொல்லாதீர்கள்.

தனித்துவிடப்பட்ட கணவனையோ மனைவியையோ அதற்குப் பின்னர்தான் சபை பெரும்பாலும் மறக்கிறது. இத்தனை காலமும் ஓட்டோ பிடித்துக் கொடுத்ததும், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்ததும் இறந்துபோனவராக இருக்கலாம். ஆகவே இரண்டாம் சனிக்கிழமைச் சந்திப்பை நிறுத்தாதீர்கள். முதல் ஒரு வருடம் மாதம் இருமுறையாக்குங்கள். முப்பத்தோராம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குத் திரும்பிய பின் வரும் முதல் ஞாயிறு காலையில், ஒருவர் அந்த வீட்டு வாசலுக்கு ஓட்டோவோடு போய் நிற்கட்டும். வர மனமில்லை என்று அவர் சொன்னால், ஓட்டோவை அனுப்பிவிட்டு, அந்த நேரத்துக்கு அவரோடு முன்விறாந்தையில் இருந்து, கோயிலில் அன்றைக்கு வாசிக்கப்படும் வேதபாகத்தை அங்கேயே வாசியுங்கள்.